சமையலறை வெளிச்சத்தில் இரண்டு போன்

எந்த போன் நல்லது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். கேட்டவர்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்திருக்கிறேன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் உறையூரில் என்னைப் பார்க்கிறவர்களுக்கு இதே கேள்விதான். கீரைக்காரம்மா கேட்கிறார், எதிர்வீட்டு வாத்தியார் கேட்கிறார், என் முழங்காலில் ஊசி போட வந்த டாக்டர் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார். "இவ்ளோ வருஷம் மலைக்கோட்டை அடியில போன் வித்திருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதாம்மா?" தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஊசியை முதலில் போடுங்கள் சார் என்றேன்.

நீங்கள் எல்லாம் எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். சட்டை மடிப்பு கலையாமல் இருக்கிறது, கழுத்தில் தொங்கும் அட்டையில் உங்கள் முகம் உங்களைப் போலவே இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் வந்து பயிற்சியும் கொடுத்திருப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். காலையில் ஒருவர் வந்து, மெகாபிக்சல் அதிகம் இருந்தால்தான் படம் நன்றாக வரும் என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போவார். மத்தியானம் அடுத்த கம்பெனிக்காரர் வந்து, மெகாபிக்சலில் ஒன்றுமே இல்லை, உள்ளே இருக்கும் சென்சார்தான் எல்லாம் என்பார். அவருக்கும் அதே டீதான். மூன்றாவதாக ஒருவர் வந்து, கேமராவை யார் பார்க்கிறார்கள், பேட்டரிதானே வேண்டும் என்று ஆரம்பிப்பார். மூன்று பேர் சொன்னதையும் நம்பி நான் கவுன்டருக்குத் திரும்பி வரும்போது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும்.

வாங்க வருகிறவர்கள் அதற்கு மேல். இரண்டு போனைக் கண்ணாடிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லி, "கம்பேர் பண்ணிச் சொல்லுங்க" என்பார்கள். ஒன்றில் திரை வழவழவென்று ஓடும், மற்றொன்றில் சீக்கிரம் சார்ஜ் ஏறும். ஒன்றில் பின்னால் மூன்று கண் இருக்கும், அதில் ஒரு கண் எதற்கு என்று அந்தக் கம்பெனிக்காரருக்கே தெரியாது. நானும் போனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் விவர அட்டையைப் படித்துக் காட்டுவேன். அவர்களும் எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டுவார்கள். அப்புறம் மச்சான் எது வைத்திருக்கிறானோ அதையே வாங்கிக்கொண்டு போவார்கள்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. இப்போதும் இருக்கும், நீங்களும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டிருப்பீர்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'முகம் போடுறது'. போனைக் கஸ்டமர் கையில் கொடுப்பதற்கு முன்னால், முன்பக்கக் கேமராவில் முகத்தை வழவழப்பாக்குவது, பின்னால் இருப்பதை மங்கலாக்குவது எல்லாவற்றையும் போட்டுவிடுவோம். வீடியோ காலுக்கும் சேர்த்துத்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம் போய்விடும். பின்னால் கடைக் கூட்டம், சார்ஜர் தொங்கும் கம்பி, கொட்டாவி விடும் செக்யூரிட்டி எல்லாம் கல்யாண ஆல்பத்தில் வருகிற மாதிரி கலங்கி அழகாகிவிடும். எங்கள் மாடிக்குப் பொறுப்பாக இருந்த சார்தான் இதைக் கொண்டுவந்தார். "கஸ்டமர் போனைப் பாக்க மாட்டாங்கம்மா. போன்ல தன்னைத்தான் பாப்பாங்க" என்பார். அவர் சொன்னது பலித்தது. சிடுசிடுத்துக்கொண்டே படியேறி வந்த மனிதர்கள் எல்லாம் அந்தக் கேமராவைப் பார்த்ததும் தலையைக் கோதிக்கொள்வார்கள்.

சரி, ரஞ்சனி கதைக்கு வருகிறேன். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நான் வைத்திருப்பது இது ஒன்றுதான்.

ரஞ்சனி ஸ்ரீரங்கத்துப் பெண். படிப்பை முடித்த கையோடு சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்திருந்தது. அம்மா அலமேலுவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். எடுத்த எடுப்பில் தன் போனை நீட்டி, இணையத்தில் பிடித்து வைத்த படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினாள். ஒரு தளத்தில் மஞ்சள் பெட்டியில் வருகிற போன் முதல் இடம், நீலப் பெட்டியில் வருகிற போன் மூன்றாம் இடம். அடுத்த தளத்தில் நீலம் முதல், மஞ்சளைக் காணவே காணோம். இரண்டும் ஒரே விலைதான்.

"ரெண்டு நாளா இதையே பாத்துப் பாத்து மண்டை காயுதுக்கா. வீடியோ காலுக்கு எது நல்லாருக்கும், அதை மட்டும் சொல்லுங்க."

"யாருக்கு?"

"அம்மாவுக்கு."

நான் அம்மாவைப் பார்த்து, "என்னம்மா, பொண்ணு ஊருக்குப் போனா தினம் பேசணுமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கூச்சமாக்கும் என்று நினைத்து இன்னும் சத்தமாகக் கேட்டேன். மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது, அவரைத் தவிர.

"அம்மாவுக்குப் பொறந்ததுலேருந்து காது கேக்காதுக்கா. பேச்சும் வராது. நாங்க கையாலதான் பேசிக்குவோம்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எழுதி அனுப்பிக்கொள்ளலாமே என்று அசட்டுத்தனமாக ஒன்று சொன்னேன். ரஞ்சனி கோபித்துக்கொள்ளவில்லை, நிறையப் பேர் கேட்ட கேள்வி போலிருக்கிறது.

"எழுத்து அவங்களுக்கு அவ்வளவா வராதுக்கா. கடைப் பேரு படிப்பாங்க, ஜாக்கெட்டுக்கு அளவு எழுதுவாங்க. மனசுல உள்ளதை எழுத மாட்டாங்க. அப்பா போனப்புறம் அவங்க முழுசாப் பேசுறது என்கிட்ட மட்டும்தான். நாளைக்குச் சாயங்காலம் எனக்கு ரயில். அப்புறம் இந்த போன்தான்."

அலமேலு அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவர். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் என் புடவைத் தலைப்பின் ஓரம் பிரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தன் ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து மடித்துக் குத்திவிட்டார். கேட்கவெல்லாம் இல்லை.

நான் இரண்டு போனையும் வைத்துக்கொண்டு யோசித்தேன். எதை வைத்து யோசிப்பது என்பதே தெரியவில்லை. குழம்பினால் கொண்டை ஊசியை உருவி அதாலேயே தலையைச் சொறிவது என் பழக்கம். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். அட்டையைப் பார்த்தேன். மஞ்சள் பெட்டியில் முன்பக்கக் கேமராவுக்குப் பெரிய எண் போட்டிருந்தது. நீலத்தில் எண் சின்னது, ஆனால் ப்ராசஸர் புதுசு. முகம் போட்டு மஞ்சளை அலமேலு அம்மா முன்னால் நீட்டினேன். அவர் தன்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார், பிறகு மகளைப் பார்த்து ஏதோ கை அசைத்தார். "கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இப்படி இல்லைன்னு சொல்றாங்க" என்றாள் ரஞ்சனி. எல்லோரும் சிரித்தோம். மஞ்சள் முடிவாயிற்று. ராகுகாலம் முடிகிற வரைக்கும் பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்று அலமேலு அம்மா அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார். முடிந்ததும் பிரித்து, வழக்கம் போல எல்லாம் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் கடை திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தபோதே இரண்டு பேரும் வந்து நின்றார்கள். மகளின் கண் வீங்கியிருந்தது. அம்மா பெட்டியைக் கண்ணாடிமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"விரலைக் காணோம்க்கா" என்றாள் ரஞ்சனி.

"என்னது?"

"வீடியோ கால்ல. அம்மா அடுப்படியில நின்னு பேசினாங்க, நான் மொட்டை மாடியிலேருந்து பாத்தேன். முகம் பளிச்னு தெரியுது. கையைத் தூக்கினா கை கரைஞ்சு போகுது. ஒரு சமயம் மணிக்கட்டு வரைக்கும் இருக்கு, ஒரு சமயம் அதுவும் இல்லை. என்ன சொல்றாங்கன்னு ஒரு வார்த்தை புரியலை."

அங்கேயே போட்டுப் பார்த்தோம். ரஞ்சனி படிக்கட்டுப் பக்கம் போய் நின்றாள். கடை வெளிச்சத்தில் அலமேலு அம்மாவின் கை தெரிந்தது. எப்போதாவது ஒரு விரல் போய் வந்தது, அவ்வளவுதான். எங்கள் மாடி சார் வந்து பார்த்துவிட்டு, "இது நெட்வொர்க்" என்றார். மஞ்சள் கம்பெனிக்காரப் பையன் வந்து, வீட்டில் வெளிச்சம் போதாது என்றான். நீலக் கம்பெனிக்காரன் எட்டிப் பார்த்து, அப்போதே நீலத்தை எடுத்திருக்கலாம் என்றான். வாங்க வந்த ஒருவர் தன் வீட்டிலும் இப்படித்தான், சாஃப்ட்வேரை மாற்றினால் சரியாகிவிடும் என்று அவர் பங்குக்கு ஒன்று சொன்னார். ஆளாளுக்கு ஒன்று சொல்ல, நான் பேந்தப் பேந்த விழித்தேன்.

"மாத்திக் கொடுங்க சார்" என்றாள் ரஞ்சனி.

"சீல் ஒடைச்சா மாத்த முடியாதும்மா. சர்வீஸ் சென்டர்ல குடுங்க, பாத்துச் சொல்வாங்க. ஒரு வாரம் ஆகும்."

"எனக்கு இன்னிக்கு ரயில் சார்."

"அதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்?"

ரஞ்சனி போனைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு, "அப்ப நான் போகலை" என்றாள். சாரிடம் சொல்வது போலத்தான் சொன்னாள், ஆனால் சொல்லும்போதே கையும் அசைந்துவிட்டது. அலமேலு அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

அடேயப்பா, அதற்கப்புறம் நடந்த சண்டையை என்னவென்று சொல்வேன். ஒரு சத்தம் இல்லை. வளையல் சத்தம் மட்டும்தான். அம்மாவின் கை மகளின் முகத்துக்கு நேரே பறக்கிறது, மகள் தலையை ஆட்டி ஆட்டி மறுக்கிறாள், அம்மா அவள் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி மறுபடியும் ஆரம்பிக்கிறார். மாடியில் இருந்த அத்தனை பேரும் விலை கேட்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் போ என்று தள்ளுகிற அம்மாவையும், போக மாட்டேன் என்று நிற்கிற மகளையும் புரிந்துகொள்ளப் பாஷை வேண்டாம். நடுவில் அலமேலு அம்மா இரண்டு தடவை என்னைக் கைகாட்டிவிட்டு, ஆள்காட்டி விரலால் தன் கொண்டைப் பக்கம் சொறிந்து காட்டினார். என்னைக் கேலி செய்கிறார் என்று சுருக்கென்றது.

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் வந்துவிடும். உங்களுக்கு எப்படியோ தெரியாது. அத்தனை நேரம் எந்த போன் நல்லது என்றே எல்லோரும் அடித்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா எங்கே நின்று பேசப் போகிறார் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. கடை மாடியில் பகலை விட அதிக வெளிச்சம். அடுப்படி எப்படி இருக்குமோ யார் கண்டது.

"சார், நீல போன் டெமோ பீஸைக் கழட்டிக் குடுங்க. இவங்க வீட்டுல போய்ப் பாத்துட்டு வரேன்."

"என்ன வசந்தாம்மா, வெளையாடுறீங்களா? டெமோ பீஸ் கடையை விட்டு வெளிய போகக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அந்தப் பொண்ணு வேலையை விட்டுட்டு நிக்கறேங்குது. நாம வித்த போன் சார் அது. ஏதாவது ஆச்சுன்னா என் தலையில போடுங்க. கழட்டுங்க சார்."

அவர் எகிறினார். நானும் எகிறினேன். கடைசியில் மேலிடத்தில் கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன் என்று சொல்லிவிட்டு, சாவியைக் கண்ணாடிமேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. நான் நீல போனைக் கழற்றியபோது மாட்டியிருந்த கம்பி அலாரம் ஊளையிட்டது. அலமேலு அம்மாவைத் தவிர எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ஸ்ரீரங்கம் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம். அம்மாவும் மகளும் எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்து காவிரிப் பாலம் முழுக்கச் சண்டையைத் தொடர்ந்தார்கள். பஸ் குலுங்கும்போது ரஞ்சனி கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்ததால் ஒரு கையால்தான் பேச முடிந்தது, அம்மா இரண்டு கையாலும் வெளுத்து வாங்கினார். மறுபடியும் அந்தக் கொண்டைச் சொறிதல். "ஏம்மா, என் தலையில பேன் இருக்குங்கறாங்களா உங்கம்மா?" என்று கேட்டே விட்டேன். அழுகைக்கு நடுவில் ரஞ்சனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ, இல்லக்கா" என்றாள். அதற்குள் அம்மா அவள் முழங்காலைத் தட்டித் தன் பக்கம் திருப்பிவிட்டார்.

வீடு உத்தர வீதியை ஒட்டிய ஒரு சந்தில், பின் போர்ஷன். முன்னறை முழுக்கத் தையல் மெஷினும் துணிகளும். அங்கே எப்போதும் யாராவது அளவு கொடுக்க வந்து உட்கார்ந்திருப்பார்களாம். அதனால் அம்மாவும் மகளும் மனம் விட்டுப் பேசுவது அடுப்படியில்தான். உள்ளே போனேன். நல்ல பகலிலேயே விளக்குப் போட வேண்டிய அடுப்படி. ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். மேலே ஒரு மஞ்சள் பல்பு, பின்னால் எவர்சில்வர் பாத்திரம் அடுக்கிய ஸ்டாண்டு.

ரஞ்சனி தன் போனோடு மொட்டை மாடிக்குப் போனாள். நான் மஞ்சள் பெட்டி போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்தேன். அலமேலு அம்மா அதன் முன்னால் நின்று கையைத் தூக்கினார்.

"தெரியுதா?" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

"இல்லக்கா!"

மஞ்சளை எடுத்துவிட்டு, அதிலிருந்தே நெட் கொடுத்து நீலத்தை வைத்தேன். மனதுக்குள், நீலத்தில் தெரிந்துவிட்டால் சாரின் காலில் விழுந்தாவது மாற்றிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

"இப்ப?"

"இதுலயும் இல்லக்கா! கட்டை விரல் மட்டும் வந்து வந்து போகுது!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டிலும் இல்லை என்றால் எங்கே போவது? ஒரு தளம் முதல் இடம் கொடுத்த போன், இன்னொரு தளம் முதல் இடம் கொடுத்த போன், இரண்டுக்கும் ஒரு தையல்காரம்மாவின் கையைக் காட்டத் துப்பில்லை. ரஞ்சனியின் பெட்டி அடுப்படி வாசலில் பூட்டுப் போட்டுத் தயாராக நின்றது. அலமேலு அம்மா அந்தப் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது செய்ய வேண்டுமே என்பதற்காக, என் இடுப்பில் செருகியிருந்த சொந்த போனை எடுத்து உப்பு ஜாடியில் வைத்தேன். அது ஓட்டை போன். திரையில் கீறல், விலைக்குக் கொடுத்தால் நம் கடையிலேயே வாங்க மாட்டார்கள்.

மேலேயிருந்து சத்தம் வந்தது. "அக்கா! இப்பத் தெரியுது! புள்ளி புள்ளியா இருக்கு, ஆனா விரல் எல்லாம் தெரியுது! எந்த போன்க்கா இது?"

சொன்னால் நம்புவீர்களா, நான் அந்த இடத்தில் சந்தோஷப்படவில்லை. பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. புது போன் இரண்டும் தோற்று, என் ஓட்டை போன் ஜெயிக்கிறதென்றால் இத்தனை வருஷம் நான் கவுன்டரில் நின்று படித்துக் காட்டிய அட்டைகளுக்கெல்லாம் என்ன அர்த்தம்? கொண்டை ஊசி மறுபடியும் தலைக்குப் போனது. மஞ்சள் போனைத் திரும்ப எடுத்து வைத்து, அலமேலு அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் நின்று, அவர் பார்ப்பதை நானும் பார்த்தேன். திரையில் அவர் முகம் வழவழவென்று இருந்தது. பின்னால் பாத்திர ஸ்டாண்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவர், தொங்கும் கரித்துணி எல்லாம் கலங்கி, கல்யாண ஆல்பம் மாதிரி, எவ்வளவு அழகு. கவுன்டரில் நிற்கும் வாய் சும்மா இருக்குமா? "பின்னாடி பாருங்க, எவ்ளோ சூப்பரா மங்குது" என்று காது கேட்காத அம்மாவிடம் விற்பனை பேசினேன்.

பேசிய வாய் அப்படியே நின்றது.

போனுக்கு முகம் தெரியும். முகம் இல்லாதது எல்லாம் அதற்குப் பின்னால் இருப்பது. இருட்டில் இந்த அம்மாவின் கையைப் பாத்திர ஸ்டாண்டோடு சேர்த்து மங்கலாக்கிவிட்டிருக்கிறது. நீலத்துக்கும் கடையில் முகம் போட்டிருந்தோம். என் ஓட்டை போனில் போடவில்லை, போட அதில் ஒன்றும் இல்லை. நாங்கள் காலையிலிருந்து ஒப்பிட்டது இரண்டு போனை இல்லை, எங்கள் கடைப் பழக்கத்தைத்தான் இரண்டு தடவை பார்த்திருக்கிறோம்.

வழவழப்பை எடுத்தேன். மங்கலை எடுத்தேன். அலமேலு அம்மாவின் முகத்தில் சுருக்கம் எல்லாம் திரும்பி வந்தது, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கும் வந்தது. அவர் கையைத் தூக்கினார். பத்து விரலும் தெரிந்தன. நான் கூப்பிடுவதற்கு முன்னால் மேலேயிருந்து ரஞ்சனி, "அம்மா!" என்று கத்தினாள். யாரிடம் கத்துகிறோம் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை போலிருக்கிறது.

நீலத்திலும் எடுத்துவிட்டுக் காட்டினேன். இப்போதுதான் உண்மையான ஒப்பீடு. எது நல்லது என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா. மஞ்சள்ல அம்மா முகம் கொஞ்சம் கருப்பாத் தெரியுது. பரவால்ல, அவங்க முகம் எனக்குத் தெரியும். கைதான் வேணும்."

நான் நீல போனைக் கைப்பையில் வைத்தேன். அம்மாவும் மகளும் பேச ஆரம்பித்திருந்தார்கள், ஒருத்தர் கீழே ஒருத்தர் மேலே. இறங்கி வந்தால் முடிகிற பேச்சு. ஆனாலும் போனிலேயே பேசினார்கள். அலமேலு அம்மா என்னமோ நீளமாகச் சொன்னார், நடுநடுவே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைக்கும்போது பேச்சு நின்றுவிடுவதால் சட்டென்று துடைத்துவிட்டு மறுபடியும் சொன்னார். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். சொல்வதற்குக் கையும் தெரியவில்லை.

கடையில் எனக்குக் கிடைத்த அர்ச்சனையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு சார் மெதுவாக, "கடைசியில எந்த போன்மா நல்லா இருந்துச்சு?" என்று கேட்டார். தெரியலை சார் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

முகம் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போடுங்கள், வியாபாரம் நடக்கட்டும். போட்டதை வாங்குகிறவரிடம் சொல்லுங்கள், எப்படி எடுப்பது என்று ஒரு தடவை எடுத்துக் காட்டுங்கள். வீடியோ காலுக்கு என்றால், யார், எங்கே நின்று, எந்த விளக்கில் பேசப் போகிறார் என்று கேளுங்கள். மற்றபடி இரண்டு போனில் எது மேல் என்று கேட்டால், நான் இன்றைக்கும் உங்களைப் போலத்தான் அட்டையைப் படிப்பேன்.

பொங்கலுக்கு ரஞ்சனி ஊருக்கு வந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். கையில் ஒரு பை. உள்ளே எனக்குத் தைத்த ரவிக்கை, அளவு எடுக்காமலே கச்சிதம். படியேறும்போதே அலமேலு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலால் தன் கொண்டையைச் சொறிந்து காட்டினார். நல்ல நாளும் அதுவுமாக இந்தக் கேலி தேவையா என்று எனக்குச் சுள்ளென்று வந்தது.

"ஏன்டீ ரஞ்சனி, உங்கம்மா எப்பப் பாத்தாலும் என்னை இப்படிப் பழிப்புக் காட்டுறாங்களே, என்னதான் சொல்றாங்க?"

"பழிப்பு இல்லக்கா. அது உங்க பேரு. எங்க பேச்சுல எல்லாருக்கும் ஒரு கைப்பேரு உண்டு. அம்மா மொத நாளே உங்களுக்கு வச்சுட்டாங்க."

அன்றைக்குக் கடையில் சண்டைக்கு நடுவே அம்மா என்னைக் காட்டிச் சொன்னது என்ன என்று கேட்டேன்.

"நீ போகாட்டி இவங்க மனசு கஷ்டப்படும், இவங்களே ஏதாவது வழி பண்ணுவாங்கன்னாங்க. ரயில் ஏறி நான் மொத கால் பண்ணினப்பவும் என் சேதி கேக்கலக்கா. இந்தப் பேரைத்தான் மொதல்ல காட்டினாங்க. அவங்க கடைக்குப் போய்ச் சேந்தாங்களா, திட்டு வாங்கினாங்களான்னு கேட்டாங்க."

கை தானாகக் கொண்டை ஊசிக்குப் போயிற்று. அலமேலு அம்மா கை தட்டிச் சிரித்தார். ஊசியைப் பிடித்தபடியே நான் இன்னொரு கையால் என்னைத் தொட்டுக் காட்டினேன். ஆமாம் என்று அவர் தலையாட்டினார்.